காற்றுத் துப்பாக்கி: விளையாட்டுச் சாமான் அல்ல, விளையாட்டு



ஆடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு, வங்கிக் கடன், இரத்தசோகை என்று நம் இதழில் எவ்வளவோ படித்திருக்கிறோம். இந்த முறை துப்பாக்கி சுடும் போட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கும் துப்பாக்கிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரிக்க வேண்டாம். இரண்டு சம்பந்தம் இருக்கிறது.

ஒன்று, 'ஏர்கன்' என்று நாம் சொல்லும் காற்றுத் துப்பாக்கி ஏற்கனவே நம்ம ஊருக்குள் இருக்கிறது. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குக் கடை போடுகிற நம் உறுப்பினர்களுக்கு பலூன் சுடுகிற கடை புதிதல்ல. தீபத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் "ஒரு தடவை சுடறேம்மா" என்று கையைப் பிடித்து இழுக்கும். சில வீடுகளில் கொல்லையில் குரங்கு விரட்ட என்று வாங்கி, பரண்மேல் போட்டு வைத்திருப்பார்கள். லீவு நாளில் பசங்க அதை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் கொக்கு சுடக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு, அதே வகைத் துப்பாக்கியைப் பிடித்து நம் நாட்டுப் பெண்கள் உலகப் போட்டிகளில் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் நமக்குப் பக்கத்திலுள்ள கடலூரில் பிறந்த தமிழ்ப்பெண்.

ஒரே பொருள்தான். தெருவில் விளையாட்டுச் சாமான் மாதிரி கிடந்தால் கண்ணைக் குத்தும். ஒழுங்கோடு பிடித்தால் பிள்ளைக்கு ஒரு வழி காட்டும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஏர்கன் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் காற்று விரலைத் தள்ளும் அல்லவா? அதே தத்துவம்தான். துப்பாக்கியில் அடைபட்ட காற்று, விசையை இழுத்ததும் ஒரே நொடியில் விடுபட்டு, குழலில் இருக்கும் சிறிய ஈயக் குண்டைத் தள்ளிவிடுகிறது. வெடிமருந்து கிடையாது. புகை, நெருப்பு கிடையாது.

"மருந்து இல்லையே, அப்புறம் என்ன பயம்?" என்று நினைப்பதுதான் ஆபத்து. போட்டித் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு ஒரு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் போகும். அதாவது மணிக்கு 600 கிலோமீட்டர். நம்ம ரோட்டில் போகிற பஸ்ஸைப் போலப் பத்து மடங்கு வேகம். குண்டின் எடை அரை கிராம்தான். ஆனால் அந்த வேகத்தில் வந்தால் தோலைத் துளைக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கிட்டத்தில் நெஞ்சிலோ தலையிலோ பட்டால் உயிருக்கே ஆபத்து.

10 மீட்டர் போட்டி என்றால் என்ன?

காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். சுமார் 33 அடி. அட்டையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்டிருக்கும். கறுப்பாகத் தெரியும் பகுதி பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம்தான் பெரியது. நடுவில் இருக்கும் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். கடுகை விடச் சின்னது. நின்றபடி, எதன்மேலும் சாயாமல், துப்பாக்கியைக் கையிலும் தோளிலும் தாங்கிக்கொண்டு அந்தப் பொட்டைச் சுட வேண்டும்.

முதல் சுற்றில் 60 முறை சுட வேண்டும். 75 நிமிடம் நேரம். நடுப்பொட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மார்க். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. அறுபதுக்கும் சேர்த்து 654. முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். அங்கே 24 குண்டு. கடைசியில் இருப்பவர் ஒவ்வொருவராக வெளியேற, மிஞ்சுகிறவருக்குத் தங்கம்.

ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் 1984-ல் ஒன்றாகவே தொடங்கியது. முன்பெல்லாம் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 என்று வைத்திருந்தார்கள். 2018 முதல் இருவருக்கும் 60 என்று சமமாக்கிவிட்டார்கள். தூரமும் ஒன்று, பொட்டும் ஒன்று, எண்ணிக்கையும் ஒன்று.

இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் முதல் தங்கம் வந்ததும் இதே 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கினார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண் காற்றுக் கைத்துப்பாக்கியில் தனியாக ஒன்று, கலப்பு இரட்டையரில் ஒன்று என இரண்டு வெண்கலம் வாங்கி வந்தார்.

கடலூரில் பிறந்த இளவேனில்

இளவேனில் வாலறிவன் 1999-ல் கடலூரில் பிறந்தவர். வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில், அகமதாபாத்தில். 2018-ல் சிட்னியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் தங்கம். அடுத்த ஆண்டு, இருபது வயதில், பிரேசிலில் ரியோ நகரில் நடந்த பெரியவர்கள் உலகக் கோப்பையிலும் தங்கம். பிறகு உலகத் தர வரிசையில் முதல் இடத்துக்கும் வந்தார்.

தங்கம் வாங்கியவர் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருந்தாரா? இல்லை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 16-வது இடம். 2024 பாரிஸில் 630.7 மார்க் எடுத்தும் 10-வது இடம். சராசரியாக ஒவ்வொரு குண்டும் பத்தரைக்கு மேல். அப்படிச் சுட்டும் எட்டுக்குள் வர முடியவில்லை. போட்டி அவ்வளவு கடுமை. அதோடு அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதிச் சுற்றில் 253.6 எடுத்துத் தங்கம் வாங்கினார். தவணை ஒன்று தவறினால் குழுவை விட்டே போய்விடலாமா என்று நினைக்கிற நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அவங்க படிச்ச வீட்டுப் பொண்ணு, பட்டணத்துல வளர்ந்தவங்க" என்று சொல்லலாம். அப்படியானால் அடுத்த கதையைக் கேளுங்கள்.

பேத்திக்குத் துணைக்குப் போன பாட்டி

உத்தரப்பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். நம்மைப் போலவே மாடு, வயல், அடுப்படி என்று இருந்த ஊர். பெண்கள் முக்காடு போட்டுத்தான் வெளியே வருவார்கள். அங்கே ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் தொடங்கினார்கள். 1999-ல் சந்திரோ தோமர் என்ற பாட்டி, பேத்தி தனியாகப் போகப் பயப்படுகிறாளே என்று துணைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பேத்திக்கு உதவி செய்யும் சாக்கில் தானும் ஒரு முறை சுட்டுப் பார்த்தார். குண்டு சரியாக நடுவில் போய் விழுந்தது. பயிற்சியாளர் ஆச்சரியப்பட்டு, "நீங்களும் வாங்க" என்றார்.

ஊரில் கேலி செய்யாமல் இருப்பார்களா? வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா என்றார்கள். கை நடுங்காமல் இருக்க, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே பழகினார் சந்திரோ. குடம் தூக்கிப் பழகிய நம் கைகளுக்கு அது தெரியாத வேலையா? அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். இருவரும் முதியோர் போட்டிகளில் பதக்கம் பதக்கமாக வாங்கிக் குவித்தார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-ல் வேறொரு துப்பாக்கிப் பிரிவில் உலகக் கோப்பை வெள்ளியே வாங்கினார். இரண்டு பாட்டிகளின் கதை 2019-ல் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. சந்திரோ 2021-ல் கொரோனாவில் காலமானார். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பயிற்சிக்குப் போக வழி திறந்துவிட்டுத்தான் போனார்.

மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் இந்த விளையாட்டில் இடம் உண்டு. ராஜஸ்தானைச் சேர்ந்த அவனி லெகாரா பதினோரு வயதில் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே 10 மீட்டர் போட்டியில் சுட்டு, டோக்கியோ பாராலிம்பிக்கில் ஒரு தங்கம், 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இன்னொரு தங்கம் வாங்கினார்.

உடம்பு பலமா? மனசு பலமா?

போட்டித் துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏந்தி ஏந்தி இறக்க வேண்டும். அதனால் முதுகுக்கும் தோளுக்கும் உடற்பயிற்சி தேவை. முதுகைத் தாங்குவதற்குத் தடிமனான கோட்டும் போட்டுக்கொள்வார்கள். ஆனால் முரட்டுப் பலம் இதில் உதவாது. பதறாத மனசுதான் முக்கியம்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. காலைச் சரியாக ஊன்ற வேண்டும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, சில நொடி நிறுத்த வேண்டும். குறி பொட்டில் நிற்கும்போது விசையை வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். குறி ஆடினால், மூச்சு முட்டினால், சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன குண்டு தப்பிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த குண்டும் தப்பும்.

அவசரப்படாமல் இருப்பது, சரியில்லை என்றால் இறக்கி வைப்பது, இந்த இரண்டும் பழகிய பிள்ளை பரீட்சை ஹாலிலும் பதறாது.

மறக்கக் கூடாத பாதுகாப்பு விதிகள்

பயிற்சிக் கூடத்தில் சேர்ந்ததும் சுடக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். முதலில் பாதுகாப்புதான். அந்த விதிகள் பலூன் கடைக்கும் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

1. எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டது என்றே நினைக்க வேண்டும். "காலித் துப்பாக்கிதான்" என்று சொன்ன பிறகு வெடித்ததுதான் நிறைய.

2. குழலை யார் பக்கமும் காட்டக் கூடாது, விளையாட்டுக்குக் கூட. "சுட்டுடுவேன்" என்று தம்பி பக்கம் நீட்டும் பிள்ளையிடமிருந்து அப்போதே வாங்கி வைத்துவிட வேண்டும்.

3. குறி பார்த்துச் சுடத் தயாராகும் வரை விரல் விசைமேல் போகக் கூடாது. விரல் வெளியே, கட்டையோடு நீட்டி இருக்க வேண்டும்.

4. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. குறி தப்பிய குண்டு எங்கே போய் நிற்கும்? இதுதான் முதல் கேள்வி. வேலி, கீற்றுத் தட்டி, சேலைத் திரை எதுவும் குண்டை நிறுத்தாது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்தில் சுட்ட குண்டு பாய்ந்து, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் சில நாளில் உயிரிழந்தான். அது ஏர்கன் அல்ல, மிகுந்த தூரம் பாயும் பெரிய துப்பாக்கி. ஆனால் பாடம் ஒன்றுதான்.

5. கல், பாறை, இரும்பு, கண்ணாடி பாட்டில், தண்ணீர் இவற்றின்மேல் சுடக் கூடாது. குண்டு திரும்பித் தெறிக்கும். சுட்டவர் கண்ணிலேயே வந்து படலாம்.

6. சுடுகிறவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். மற்ற எல்லோரும் சுடுகிறவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

7. ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். போட்டியில் 'ஸ்டார்ட்' என்று அதிகாரி சொன்னால்தான் சுடலாம். 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சுட்டு முடித்ததும் குழலுக்குள் குண்டில்லை என்று எல்லோருக்கும் தெரிய, வண்ண நூல் ஒன்றைக் குழல் வழியே விட்டுக் காட்டுவார்கள்.

8. குண்டு ஈயத்தால் ஆனது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஈயம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்பக் கெடுதல்.

பலூன் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனால் மூன்றைப் பாருங்கள். பலூன் பலகைக்குப் பின்னால் கெட்டியான தடுப்பு இருக்கிறதா? பக்கவாட்டில் ஆள் நடமாட்டம் இல்லாமல் கயிறு கட்டியிருக்கிறார்களா? குண்டு போட்டுத் துப்பாக்கியைக் கடைக்காரரே கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்கிறாரா? மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், "அடுத்த கடைக்குப் போலாம் வா" என்று நடையைக் கட்டுங்கள்.

வீட்டில் ஏர்கன் இருந்தால்

பரண்மேல் போட்டு வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிள்ளைகளுக்கு எட்டாத பரண் எது? குண்டில்லை என்று பார்த்து, பெட்டியிலோ பீரோவிலோ வைத்துப் பூட்டுங்கள். குண்டு டப்பாவை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சாவி பெரியவரிடம் இருக்கட்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் தொடக் கூடாது.

கண்ணில் குண்டு பட்டுவிட்டால் இதைச் செய்யுங்கள்:

கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. உள்ளே இருப்பதை எடுக்க முயலக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். கண்மேல் படாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, பிளாஸ்திரியால் ஒட்டி, பிள்ளையைத் தலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். உடம்பில் வேறு எங்கே குண்டு பாய்ந்தாலும், ஓட்டை சின்னதாகத் தெரிந்தாலும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அல்லது 20 ஜூலுக்கு மேல் வேகசக்தி உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அதற்கு உட்பட்டதற்கு உரிமம் தேவையில்லை. வாங்கும்போது பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உரிமம் தேவையில்லை என்பதால் எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. அடுத்தவருக்குக் காயம் பட்டால் போலீஸ் கேஸ்தான்.

கொக்கு, கவுதாரி, மயில் போன்ற பறவைகளைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. "பையன் ஏதோ விளையாட்டுக்குச் சுட்டுட்டான் சார்" என்று வனத்துறையிடம் சொல்லிப் பயனில்லை. குரங்கு, பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கியைத் தேட வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

எங்கே கற்றுக்கொள்வது? செலவு என்ன ஆகும்?

சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்டு பதக்கம் வாங்கியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளி, கல்லூரியில் என்.சி.சி. இருந்தால், பயிற்சியில் துப்பாக்கி சுடுவதும் உண்டு. பெண்பிள்ளைகளும் சேரலாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

செலவை மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டித் துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வருவது, விலை லட்சக்கணக்கில். கோட்டு, கையுறை, குண்டு எல்லாம் தனி. அதனால் தொடக்கத்திலேயே துப்பாக்கி வாங்க வேண்டாம். கிளப்பில் இருக்கும் துப்பாக்கியில் பழகட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் போய், பிள்ளைக்கு ஆர்வமும் திறமையும் இருக்கிறது என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு யோசிக்கலாம். குழுவில் உள்கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கி, தவணை கட்ட முடியாமல் திண்டாட வேண்டாம்.

பயிற்சிக்குப் பணம் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெண் "நான் சுடக் கத்துக்கறேன்" என்று கேட்டால், "அதெல்லாம் ஆம்பளைப் பசங்க வேலை" என்று வாயை அடைக்காமல் இருப்பது. அதற்குக் காசு செலவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் தெருவில் யார் யார் வீட்டில் ஏர்கன் இருக்கிறது? பூட்டி வைத்திருக்கிறார்களா?
• பிள்ளைகள் பறவை சுடப் போகிறார்களா? பெற்றோரிடம் யார் பேசுவது?
• கண்ணில் அடிபட்டால் என்ன செய்யக் கூடாது என்று ஒவ்வொருவரும் சொல்லிப் பாருங்கள்.
• நம் ஊர்ப் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா? இல்லையென்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாமா?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். "ஏர்கன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் வரும் கூட்டத்துக்குள் பூட்டி வைப்பது" என்று ஒரே ஒரு தீர்மானம் போட்டாலும் போதும். ஒரு பிள்ளையின் கண் காப்பாற்றப்படும். அந்தக் கண் நாளைக்கு 33 அடி தூரத்தில் கடுகை விடச் சின்னப் பொட்டைக் குறி பார்க்கிற கண்ணாகவும் இருக்கலாம்.